நான் போட்ட ஜீரோ

என் வீட்டுக்காரருக்கு நான் ஜீரோ போட்டேன். நோட்டில் எழுதியதும் நான்தான், கேண்டீன் வாசல் பலகையில் சாக்பீஸால் ஊரே பார்க்க ஏற்றியதும் நான்தான். எட்டு நாள் அந்த மனுஷன் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா என்ன? ஆனால் அந்த எட்டாம் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கே ஆவடியிலிருந்து பாடிக்குப் போய்க் கேட்டால்கூட, சைக்கிள் போலோவா, அப்படி ஒன்று இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

போலோ என்பது குதிரை வைத்திருக்கிறவர்களின் ஆட்டம். எங்கள் ஃபேக்டரி மெஷின் ஷாப்பில் சார்ஜ்மேனாக இருந்த வீரராகவன் எழுபத்தெட்டாம் வருஷம் ஏதோ டிரெய்னிங் என்று வடக்கே போயிருந்தார். அங்கே ராணுவ அதிகாரிகள் குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு நீளக் கொம்பால் பந்தடிப்பதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்த மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குதிரைக்கு எங்கே போவது? ஆனால் அந்தக் காலத்தில் ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் ஃபேக்டரி கேட்டிலிருந்து ஆயிரம் சைக்கிள் வெளியே வரும். அது போதும் என்று முடிவு கட்டிவிட்டார். ஃபவுண்டரிக்காரர்கள் மரக்கட்டை கடைந்து கொடுத்தார்கள், அதை மூங்கிலில் செருகிக் கொம்பு செய்தார்கள். குவார்ட்டர்ஸ் பின்னால் முத்தாபுதுப்பேட்டை போகிற வழியில் கிடந்த பொட்டலில் முள்ளை வெட்டி, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டார்கள். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

ஒரு பக்கத்துக்கு நாலு பேர். ஏழரை நிமிஷம் ஒரு சுற்று, ஒரு மேட்ச்சுக்கு நாலு சுற்று. கொம்பு வலது கையில்தான் பிடிக்க வேண்டும், பீச்சாங்கை பழக்கமாக இருந்தாலும் சரி. கால் தரையில் பட்டால் பந்தைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கிறுக்குத்தனமான சட்டம், ஒவ்வொரு கோல் விழுந்ததும் இரண்டு கட்சியும் பக்கம் மாறிக்கொள்ள வேண்டும். குதிரைப் போலோவிலும் அப்படித்தானாம். எங்கள் பொட்டலில் மேற்கு வெயில் ஒரு பக்கத்துக்காரன் கண்ணைக் குத்தும் என்பதால் அது நியாயமான சட்டம்தான். ஆனால் முதல் வருஷம் யாருக்கும் அது ஞாபகத்தில் நிற்கவில்லை. ஃபவுண்டரி ஆட்கள் உயிரைக் கொடுத்து ஓட்டிப்போய் மூன்று கோலைத் தங்கள் கம்புக்குள்ளேயே அடித்துவிட்டுக் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்களாம். இன்றைக்கும் குவார்ட்டர்ஸில் யாராவது சொந்தக் காசைக் கொடுத்துத் தலைவலி வாங்கினால், ஃபவுண்டரி கோல் போட்டுட்டான் என்போம்.

மெஷின் ஷாப், ஃபவுண்டரி, அசெம்பிளி, ஸ்டோர்ஸ் என்று நாலு செக்ஷன். ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆட வேண்டும். மேலே நிற்கிற இரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். மொத்தம் எட்டு நாள். வேலையில் இருக்கிறவர்கள் மட்டும்தான் ஆடலாம். ரிட்டயர் ஆகிறவரின் கொம்பை வாங்கி, பேரும் கடைசியாக அவர் வைத்திருந்த நம்பரும் பெயின்டால் எழுதிக் கேண்டீன் சுவரில் மாட்டிவிடுவார்கள். இப்போது அங்கே முப்பத்தொரு கொம்பு தொங்குகிறது.

அந்த நம்பர்தான் எல்லா வம்புக்கும் வேர். ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் திறமையைப் பார்த்து ஜீரோவிலிருந்து நாலு வரைக்கும் நம்பர் உண்டு. நாலு பேர் நம்பரையும் கூட்டினால் அது கட்சியின் நம்பர். எந்தக் கட்சி நம்பர் குறைச்சலோ அதற்கு ஆட்டம் தொடங்கும்போதே சலுகை. வித்தியாசம் ஒன்று என்றால் அரை கோல், இரண்டு என்றால் ஒரு கோல். அரை கோலுக்கு ஸ்கோர் பலகையில் கேண்டீனிலிருந்து ஒரு தேங்காய் மூடி கொண்டுவந்து ஆணியில் மாட்டுவோம். பாதித் தேங்காய், பாதிக் கோல். வீரராகவன் காலத்து ஏற்பாடு.

முதலில் அந்த நம்பரை ஆம்பளைகளே போட்டுக்கொண்டிருந்தார்கள். உருப்படுமா? சலுகை வேண்டும் என்பதற்காகத் தன் கட்சி ஆளெல்லாம் சோப்ளாங்கி என்பான், தனக்கு மட்டும் நாலு போடு என்பான். எண்பத்தொன்றில் அது கைகலப்பாகி நாலு கொம்பு உடைந்தது. அன்றைக்கு வீரராகவன் நோட்டைத் தூக்கிக் குழாயடியில் நின்ற பெண்களிடம் கொடுத்துவிட்டார். வருஷம் முழுக்க இவன்கள் பிராக்டீஸ் பண்ணுவதைப் பார்க்கிறவர்கள் நீங்கள்தானே, நீங்களே போடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து கோர்ட்டு மாதிரி மூன்று பெண்கள் பெஞ்சு. மூவரும் பேசித்தான் நம்பர் போடுவோம். ஆனால் மூவரில் ஒருத்தியின் வீட்டு ஆள் முறை வந்தால் மற்ற இருவரும் பேனாவை வைத்துவிட வேண்டும், அவள்தான் தனியாகப் போட வேண்டும். அவனுக்கு எங்கே வலி, எதை மறைக்கிறான் என்று மற்றவளுக்கு எப்படித் தெரியும் என்பது வீரராகவன் கேள்வி. பென்சில் கூடாது, பேனாதான். அடித்தால் அடித்தது தெரிய வேண்டும். கடைசியில் ஃபைனல் முடிந்து கோப்பை கொடுப்பதற்கு முன்னால், ஆடினவன் தன் நம்பருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் போன வருஷ நம்பர்தான் செல்லும். நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒருத்தனும் போடாமல் இருந்ததில்லை.

பதினாலு வருஷமாக நான் பெஞ்சில் இருக்கிறேன். என்னோடு ஃபவுண்டரி அமல்ராஜின் மனைவி பேபியும், ஸ்டோர்ஸ் ஷோபனாவும். கூட்டுறவுப் பண்டகசாலையில் சாமான் நிறுத்துப் போடுகிறவள் நான். யாருக்கும் கூடவும் போட்டதில்லை, குறைச்சலும் போட்டதில்லை. என் வீட்டுக்காரர் தேவராஜ் மெஷின் ஷாப்பில் டர்னர். பத்தொன்பது வருஷமாக மூணு நம்பர். அந்த மூணு என்றால் அவருக்கு உயிர். முத்தாபுதுப்பேட்டையில் அவங்க அப்பா அடுத்தவன் வயலில் கூலிக்கு நடவு நட்டவர். பிள்ளை ஃபேக்டரிக்குள் போய், ஆபீசர்கள் வந்து உட்கார்ந்து பார்க்கிற ஆட்டத்தில் மூணாம் நம்பர் வாங்கினதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டே செத்துப்போனார். வருகிற மே மாதம் இவருக்கு ரிட்டயர்மென்ட். இதுதான் கடைசி ஆட்டம். தன் கொம்பில் மூணு என்று எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் இந்த மனுஷன் கேட்டது. வேறு எதையும் என்னிடம் கேட்டதே கிடையாது.

ஆனால் முட்டி போய்விட்டது. போன தீபாவளியிலிருந்தே எனக்குத் தெரியும். குளிக்கப் போனால் குழாயை முழுசாகத் திறந்து விடுவார், முக்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது முனகுவது எனக்குக் கேட்கக் கூடாதாம். எங்கள் வீடு இரண்டாம் மாடி. படியேறும்போது சுவரைப் பிடித்துப் பிடித்து, வெள்ளையடித்த சுவரில் இடுப்பு உயரத்துக்கு மெஷின் எண்ணெய்க் கறை வரிசையாக விழுந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை சோப்புத்தண்ணி வைத்து நான்தான் துடைக்கிறேன். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், அப்புறம் குழாயை இன்னும் பலமாகத் திறப்பார்.

இந்த வருஷம் நம்பர் போட உட்கார்ந்தோம். அவர் பேர் வந்ததும் பேபியும் ஷோபனாவும் பேனாவை மூடிவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார்கள். பேபி ஒரு டீ குடித்து முடித்தாள், இன்னொன்று வாங்கி அதையும் குடித்தாள். நான் எழுதி முடித்து நோட்டை மூடினேன். ஜீரோ.

ஏன் இரண்டு போடக்கூடாதா என்று அப்புறம் எல்லோரும் கேட்டார்கள். நம்பர் இருக்கிற ஆளைத்தான் எதிர்க்கட்சி இரண்டு பேரை விட்டு இடிக்கச் சொல்லும், ஜீரோவை யாரும் சீண்ட மாட்டார்கள். அதுவும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் காரணம் அது இல்லை. அந்தச் சைக்கிளை ஒரே மிதியில் திருப்ப அவரால் முடியவில்லை. பிராக்டீஸில் ஒரு மாசமாக அவர் கால் தரையில் படாமல் ஒரு பந்தும் திருப்பி அடித்ததில்லை. அடுத்த வீட்டு ஆள் இப்படி ஆடினால் ஜீரோதானே போடுவேன்?

பலகையில் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாயங்காலம் வந்தார். டிபன் பாக்ஸை மேடைமேல் வைத்தார். முகம் கறுத்திருந்தது.

"நான் கையெய்த்துப் போட மாட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். எட்டு நாளைக்கு அதுதான் அவர் என்னிடம் பேசின பேச்சு. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார், குழம்பு வேண்டுமென்றால் தட்டைத் தட்டினார். தட்டுகிற சத்தத்தைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒருநாள் வேண்டுமென்றே ரசத்தை ஊற்றினேன். அதையும் பேசாமல் குடித்தார்.

வெளியே வேறு தொல்லை. அவருக்கு ஜீரோ விழுந்ததால் மெஷின் ஷாப் கட்சி நம்பர் எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கிவிட்டது. ஃபவுண்டரிக்கு ஆறு. இந்த இரண்டு கட்சியும்தான் ஃபைனலுக்கு வந்தது. அப்படியென்றால் மெஷின் ஷாப்புக்கு அரை கோல் சலுகை. இந்த நாகவல்லி, தன் புருஷன் கட்சியை ஜெயிக்க வைக்கத் திட்டம் போட்டுத்தான் ஜீரோ போட்டாள் என்று ஃபவுண்டரியில் நாலு பேர் பேசினார்கள். வீட்டில் இருக்கிறவர் நான் அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைக்கிறார், வெளியே இருக்கிறவன் நான் திருட்டுத்தனம் பண்ணிவிட்டேன் என்கிறான். பேபி மட்டும் தன் புருஷன் செக்ஷன் என்றுகூடப் பார்க்காமல், அந்த நோட்டைத் தொட்டுப் பேசு பார்க்கலாம் என்று குழாயடியில் சண்டைக்குப் போனாளாம். அவளுக்கு நான் என்ன செய்தாலும் தகும்.

மெஷின் ஷாப் கேப்டன் எழில், முப்பது வயசுப் பையன். அவர்கள் கோப்பை வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. அவன் என் வீட்டுக்காரரிடம் வந்து கெஞ்சினான். இவர் கையெழுத்துப் போடாவிட்டால் பழைய மூணு செல்லும், கட்சி நம்பர் மறுபடி எட்டாகும், அரை கோல் போய் ஃபவுண்டரிக்கு ஒரு கோல் சலுகை கிடைத்துவிடும். இவர் அசையவில்லை. இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிப்போம், அப்போது எவன் கையெழுத்தும் தேவைப்படாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கிழட்டுப் பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. குவார்ட்டர்ஸ் மொத்தமும் பொட்டலைச் சுற்றி நின்றது. இப்போதெல்லாம் எல்லோரும் டூ வீலரில்தான் வேலைக்குப் போகிறார்கள், இந்த எட்டு நாளைக்காகப் பரணிலிருந்து சைக்கிளை இறக்கி எண்ணெய் போடுகிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் தினமும் ஓட்டுகிற அதே பழைய சைக்கிளில் வந்தார். பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. பலகையில் தேங்காய் மூடி மாட்டியிருந்தது, அதன் பக்கமும் திரும்பவில்லை. ரெஃப்ரி சுலைமான் வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடித்தார்.

முதல் சுற்றில் ஃபவுண்டரி ஒன்று. இரண்டாவதில் ஆளுக்கு ஒன்று. மூன்றாவதில் எழில் ஒன்று போட்டு இரண்டுக்கு இரண்டு ஆக்கினான். நாலாவது சுற்று ஆரம்பித்ததும் அமல்ராஜ் ஒன்று போட்டார், பேபி என் கையைப் பிடித்துக்கொண்டாள், சந்தோஷப்படலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்புறம் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சைக்கிளைத் திருப்பாமலே நேராக மைதானத்தின் பாதிக்குப் பந்தைத் தள்ளினார். அளந்து வைத்த மாதிரி எழில் சைக்கிள் முன்னால் போய் விழுந்தது. மூன்றுக்கு மூன்று. பொட்டலே கத்தியது. எனக்கும் கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் பெஞ்சில் இருக்கிறவர்கள் கத்தக் கூடாது.

கடைசி நிமிஷம். பந்து தறிகெட்டு உருண்டு இவர் முன்னால் வந்து நின்றது. எதிரே கம்புக்கு நடுவே ஒருத்தனும் இல்லை. சைக்கிளைச் சற்றே இடது பக்கம் திருப்பி ஒரு தட்டுத் தட்டினால் போதும். பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். திருப்பினார். மிதித்தார். முட்டி மடங்கியது. கால் போய்த் தரையில் ஊன்றியது. சுலைமான் விசில் ஊதினார். இவர் கொம்பைத் தூக்கவே இல்லை. ஊன்றின காலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன், பேபி என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். அதற்குள் தண்டவாளம் அடித்துவிட்டது.

மூன்றுக்கு மூன்று, பலகையில் தேங்காய் மூடி. மெஷின் ஷாப் அரை கோலில் ஜெயித்தது என்று ஒரு பக்கம் கூச்சல். அமல்ராஜ் நல்ல மனுஷன், ஆனால் கேப்டன் இல்லையா? மேஜைக்கு வந்தார். சத்தம் போடாமல்தான் கேட்டார்.

"சட்டம்னு ஒண்ணு கீது. தேவராஜ் அண்ணாத்தே கையெய்த்துப் போட்டாதான் அந்த மூடி செல்லும். போடலைன்னா கப்பு எங்களுது."

இரண்டு கட்சியும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். எழில் போட்டான், போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நகர்ந்தான். கடைசியாக இவர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து வேப்பமரத்தில் சாய்த்தார். நான் நோட்டை விரித்து அவர் பக்கம் திருப்பினேன். இரண்டு செக்ஷனும் சுற்றி நிற்கிறது. இத்தனை பேர் முன்னால் தான் ஜீரோதான் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் நான் போட்ட ஜீரோவுக்கு. வேண்டாம், போடாதே, கோப்பை போனால் போகட்டும் என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது.

அவர் நோட்டைப் பார்த்தார். குனிந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் பக்கத்தில் பார்த்தார். பலகையில்தான் அவர் ஜீரோவைப் பார்த்திருந்தார், நோட்டை அன்றைக்குத்தான் பார்க்கிறார். தேவராஜ் என்ற பேருக்கு எதிரே முதலில் ஒரு மூணு, அடித்திருந்தது. பக்கத்தில் ஒரு இரண்டு, அடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஒன்று. அதுவும் அடித்திருந்தது, இரண்டு தடவை அடித்ததில் பேப்பர் கிழிந்திருந்தது. கடைசியில்தான் ஜீரோ. பதினாலு வருஷ நோட்டில் என் கையெழுத்தில் வேறு அடித்தலே கிடையாது.

விரலை அந்த மூணின் மேல் வைத்தார். அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"பேனா குடு நாகு" என்றார்.

கொடுத்தேன். நிதானமாக, பென்ஷன் பேப்பரில் போடுகிற மாதிரி முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். திரும்பி அமல்ராஜைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு வருசமா முட்டி போச்சுப்பா. யாராண்டயும் சொல்லல. என் பொண்டாட்டி போட்ட நம்பர் கரெக்ட்டு. இனிமே அத்தப்பத்தி யாரும் பேசக் கூடாது."

அமல்ராஜ் இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சும்மா வந்த அழுகை இல்லை, எட்டு நாள் அழுகை. பேபி என்னைவிட அதிகமாக அழுதாள், அவள் கட்சி தோற்றுப்போனதற்கு அழுகிறாள் என்று ஷோபனா சொல்லிச் சிரித்தாள். பையன்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எழில் இவரையும் தூக்கப் பார்த்தான், முட்டியைத் தொட்டால் கொன்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். பலகையிலிருந்து தேங்காய் மூடியைக் கழற்றி, ரிட்டயர்மென்ட்டுக்குக் கொம்பை மாட்டும்போது இதையும் சேர்த்து மாட்ட வேண்டும் என்று இவர் எழிலிடம் கேட்டுக்கொண்டார். அதுவரைக்கும் என் வீட்டில் இருக்கட்டும் என்று என் பையில் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு நடந்தோம். சைக்கிளை நான் தள்ளினேன். தண்ணித் தொட்டியைத் தாண்டினதும் கேட்டார், நாளைக்கு எலும்பு டாக்டரிடம் போகலாமா என்று. வருகிற புதன்கிழமைக்கு ஏற்கெனவே டோக்கன் வாங்கிவிட்டேன் என்றேன். எப்போது வாங்கினாய் என்றார். ஜீரோ போட்ட அன்றைக்கு என்றேன். ரொம்பக் கொழுப்புடி உனக்கு என்றார்.

சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுப் படிக்கு வந்தோம். முதல் படியில் காலை வைத்ததும் வழக்கம்போல அவர் கை சுவரைத் தேடிப் போனது. பாதி வழியில் நின்றது. அப்புறம் என் தோள்மேல் வந்து உட்கார்ந்தது. இரண்டு மாடியும் அப்படியே ஏறினோம். கனமான கை, தோள் இரண்டு நாள் வலித்தது. மறுநாள் எழுந்து பார்த்தேன், சுவரில் புதுக் கறை எதுவும் இல்லை.